பெரிய எழுத்து

"என் பார்வைக்குத் தப்பி இந்த ஆபீஸ்ல ஒரு ஈ பறக்காது. அப்படிப்பட்ட என் கம்ப்யூட்டர்லயே கைவெச்சிருக்காங்க" என்றார் மேலாளர்.

பழுதுபார்க்க வந்தவர் எட்டிப் பார்த்தார். மேசையையே அடைத்துக்கொண்டு நின்றது மானிட்டர். அதில் தெரிந்ததோ நாலே வரி, சுவரொட்டி போல.

"ரெசல்யூஷனைக் குறைச்சிருக்காங்க சார். அதான் எழுத்தெல்லாம் பூதமா தெரியுது. இது தானா மாறாது."

"போன தடவை நீங்க சரிபண்ணின மறுநாளே இப்படி. நேத்து தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்தவர், 'என்ன சார், ஒண்ணாங்கிளாஸ் புத்தகமா?'ன்னு சிரிக்கிறார். என் மானமே கப்பலேறிடுச்சு."

ஓரத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நான்தான் சார் மாத்தினேன்."

"ஏன்?"

அவள் பார்வையைக் கீபோர்டுக்குத் தாழ்த்தினாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சியா? சரி, உன்னை வேலையை விட்டு எடுக்குற ஆர்டரை நீயே டைப் பண்ணு."

அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும். இருந்தும் அறை நடுவில் நின்று, மேடைப் பேச்சாளர்போல 'ஒழுங்கீனம்', 'நம்பிக்கைத் துரோகம்' என்று அடுக்கி உத்தரவை வரிவரியாகச் சொன்னார். அவள் தட்டி முடித்து அவர் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, திரையில் திறந்துவைத்தாள். போன் வரவே அவர் வெளியே போனார்.

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் பழுதுபார்ப்பவர்.

"சொன்னா அவர் வேலை போயிடும்ண்ணே. அவர் வீட்லயும் வேற ஆள் சம்பாத்தியம் கிடையாது."

பழுதுபார்ப்பவருக்குப் புரியவில்லை. ரெசல்யூஷனை உச்சத்துக்கு ஏற்றினார். யோசனையில் கை தவறி வேறெதையோ தட்டிவிட்டார். அதைத் திருத்துவதற்குள் மேலாளர் வந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார், இன்னும்..."

"எதுக்கு? இப்பதான் கண்ணாடி மாதிரி இருக்கு."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கம்பீரமாக வாசித்தார். எங்கும் தடுக்கவில்லை.

"ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பிரிண்ட் எடும்மா."

பழுதுபார்ப்பவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

மேலாளரின் முகத்துக்கு நேரே, திரையில், அந்த உத்தரவு தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.