பாரையின் மிச்சம்

"இது என்ன தின்டிருக்கெண்டு பாத்துச் சொல்லுங்க, மகள்."

மீனவர் அத்தாஉல்லா பெரிய பாரை மீன் ஒன்றை ஆய்வுகூட மேசையில் கிடத்தினார். கடலோரக் கற்பிட்டிக்குப் புதிதாக வந்திருந்த ஆய்வாளர் ஷஃபீனாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நான் கேட்டது சூடை, சாளை மாதிரிச் சின்ன மீன்தானே, மாமா? நீங்க எந்த நாளும் பெரிய மீனத்தான் கொண்டு வாறீங்க."

"பெரிசுதான் மகள் எல்லாத்தையும் திங்கும்."

அவள் ஜன்னலோரக் கண்ணாடிப் போத்தல்களைக் காட்டினாள். உள்ளே பச்சையும் மண்ணிறமுமாகத் தண்ணீர்.

"இதுல நான் வளக்கிறது கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி. ஒவ்வொரு பாசிலயும் ஒவ்வொரு வகைக் கொழுப்பு. பாசியச் சூடை திங்கும், சூடையப் பாரை திங்கும். அந்தக் கொழுப்பு பாரைட உடம்புல போய்ச் சேரும். போத்தல்ல உள்ளதோட ஒப்பிட்டா எதுல இருந்து வந்ததெண்டு தெரியும்."

"அப்ப, தின்டது இல்லாமப் போகாதா?"

"முழுசாப் போகாது, மாமா. கொஞ்சமாவது அதுக்குள்ள இருக்கும்."

அத்தாஉல்லா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஷஃபீனா ஒரு துண்டு சதையை வெட்டிக் குழாயில் போட்டாள். மிச்ச மீனை அவர் வழக்கம்போலத் துணியில் சுற்றினார். அவள் நீட்டிய பையை வாங்காமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு புறப்பட்டார்.

"மாமிட சட்டியில இன்டைக்கும் நல்ல மீனாணம்தான்!" என்றாள் ஷஃபீனா. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மீனின் நீளத்தை அளக்க மறந்தது பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது. சமைப்பதற்குள் அளந்துவிடலாமென்று அவரது வீட்டுக்கு ஓடினாள்.

அவருடைய மனைவி ஹவ்வா உம்மா உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். மீனாணம் ஆக்குமுன் மீனை அளக்கவேண்டுமென்று கேட்டதும் முகம் மாறியது.

"மீனாணமா? எங்கட முபாரிஸக் கடல் கொண்டுபோன நாள்ல இருந்து இந்த ஊட்டுல மீன் சமைக்கிறல்ல, மகள். ஒரே புள்ள. எல்லாரும் வள்ளத்துல போய்த் தேடினாங்க. அடக்கம் செய்ய மையத்துக்கூடக் கிடைக்கல்ல."

ஷஃபீனா கையிலிருந்த அளவுநாடாவைச் சுருட்டினாள். "எனக்குத் தெரியாது மாமி... அப்ப, மாமா கொண்டு வந்த பாரை?"

ஹவ்வா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அத அடக்க மையவாடிக்குப் போயிருக்கார், மகள்."