பதினாலாம் நம்பர் பயணி

பதினாலாம் நம்பர் பயணிதான் உளவாளி என்று கைடுக்குக் காலை பத்து மணிக்கே உறுதியாகிவிட்டது.

பனித்தீவுக்கு வந்திறங்கிய இருபது பேருக்கும் படகுத்துறையிலேயே ஒரே மாதிரி ஆரஞ்சு உடை மாட்டிவிட்டிருந்தார்கள். முகமூடி, கறுப்புக் கண்ணாடி, முதுகில் நம்பர். ஆணா பெண்ணா என்பதே நடையை வைத்துத்தான் தெரிந்தது.

"சோதனைக் காலம் ரெண்டு வருஷம். அது முடியறதுக்குள்ள கம்பெனி ஒரு ஆளைப் பயணி மாதிரி அனுப்பும்," என்று பஸ் டிரைவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். "வாயே திறக்க மாட்டாங்க தம்பி. குறிப்பு மட்டும் எழுதுவாங்க. உனக்கு முன்னாடி இருந்தவன் அப்படித்தான் பெட்டியைக் கட்டினான்."

பதினாலு வாயே திறக்கவில்லை. மடியில் சின்ன நோட்டு. கையில் பென்சில்.

கைடு கணக்குப் போட்டான். வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊருக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இதே தீவில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை என்று ஒன்றரை வருஷமாக அளந்துவிட்டிருந்தான்.

பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று செல்போனை உதட்டருகே வைத்துக்கொண்டான். குளிரில் விரல் விறைத்துவிடும் என்பதால் அவன் அம்மாவுக்கு வாயால் சொல்லித்தான் டைப் செய்வான்.

"அம்மா, ஆபீஸ் வந்துட்டேன். ஹீட்டர் பக்கத்துலயே சீட்டு. ஒரே வேர்வை. ஃபேன் போடச் சொல்லியிருக்கேன்."

அனுப்பிவிட்டு, மீசையில் உறைந்திருந்த பனியைத் தட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். பதினாலு ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தது. நோட்டில் எழுதியது.

'போச்சு, ஹெட் ஆபீஸுக்குச் சுடச்சுட ரிப்போர்ட் போகுது!'

அப்போது ஆரம்பித்தது ராஜ உபசாரம். முதல் சீட்டு பதினாலுக்கு. பஸ்ஸில் இருந்த மூன்று கம்பளியும் பதினாலுக்கு.

"தம்பி, நாங்க என்ன ஓசியிலயா வந்தோம்?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார்.

"இதோ வருது சார்." வரவேயில்லை.

உறைந்த ஏரியில் பதினாலை மட்டும் சறுக்குப் பலகையில் உட்காரவைத்து அவனே கயிறு கட்டி இழுத்தான். மற்றவர்கள் வழுக்கி வழுக்கிப் பின்னால் வந்தார்கள்.

"கால் வலிக்குதுன்னு சொன்னது நான். சவாரி அவங்களுக்கா?" என்று புதுப்பெண் புருஷனை முறைத்தாள். "நீங்களாவது இழுங்களேன்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தானே செய்யறேன்," என்றான் அவன். அதற்குப்பின் மாலைவரை அவனுக்கும் பேச்சுத்துணை இல்லை.

மதியம் கைடு தன் பங்கு சூப்பையும் பதினாலிடம் கொடுத்துவிட்டுக் காய்ந்த ரொட்டியைக் கடித்தான். பதினாலு ஜன்னல் பக்கம் திரும்பிக் குடித்தது. எழுதியது. அவன் இருமினான். அதையும் எழுதியது.

திரும்பும் வழியில் பஸ் பனியில் புதைந்தது. பத்தொன்பது பேரும் இறங்கித் தள்ளினார்கள். பதினாலும் எழுந்தது. கைடு பதறிப்போய்த் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"நீங்க உக்காருங்க மேடம். தள்ளறது அவங்க டிக்கெட்லயே சேர்ந்ததுதான்."

படகுத்துறையில் உடையைத் திருப்பித் தர வரிசை நிற்கவில்லை. புகார் எழுதத்தான் நின்றது. வாத்தியார் இரண்டு தாள் வாங்கிக்கொண்டார். "ஒண்ணு பத்தாதுய்யா. பின்பக்கமும் எழுதுவேன்."

இனி பதினாலு போடும் மார்க் ஒன்றுதான் காப்பாற்ற முடியும். கைடு ஓடிப்போய்க் கைகூப்பி நின்றான்.

"மேடம், நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்."

பதினாலு அசையாமல் நோட்டை நீட்டியது. அவன் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டுப் படித்தான்.

'குல்லா போடலை. ஷூவில் ஓட்டை. தன் சூப்பைக் குடுத்துட்டுக் காஞ்ச ரொட்டி. இருமல் நாலு தடவை. இளைச்சுப் பாதி ஆயாச்சு.'

ஒன்றுகூட நல்லதாக இல்லை. கைடுக்குக் கண் நிறைந்து, நிறைந்த வேகத்திலேயே உறைந்தது.

"மேடம், எப்படியாவது பாஸ் பண்ணிவிடுங்க. இந்த வேலை போச்சுன்னா எங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பதினாலு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது. முகமூடியைக் கீழே இறக்கியது.

"உன் ஆபீஸைப் பாக்கத்தான்டா இந்த டூர்லயே வந்தேன்... எங்க, அந்த ஹீட்டரைக் காட்டு!"