மூன்றாவது ஓலை

தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, ஒற்றைக் கண் மட்டும் வெளியே தெரிய, இரண்டு பெண்கள் பகலாட்டத்துக்கு வந்தார்கள். டிக்கெட் கிழிக்கும் மீரான், "வாங்க மாமி, பொம்பளைக பக்கம் எடம் கெடக்கு" என்று ஒதுங்கி வழிவிட்டான்.

வரிசை வரிசையாகப் பெஞ்சு. எதிரே சிவப்புத் திரை. பின்னால் வந்தவள் பெஞ்சில் உட்காரும் முன் சட்டென்று வலது முழங்காலை மணலில் ஊன்றி எழுந்தாள்.

"எக்கா! என்னக்கா பண்ற?" ரம்ஜான் பீவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இது சினிமாக் கொட்டகை. ஒங்க மாதா கோயிலு இல்ல!"

துப்பட்டிக்குள் இன்னாசியம்மாளுக்குக் குப்பென்று வியர்த்தது. முப்பது வருஷமாகப் பூசைக்குப் போய்ப் பழகிய கால், கேட்டுக்கொண்டா மடங்குகிறது? "யாராச்சும் பாத்துருப்பாகளா, ரம்ஜானு?"

"பாத்தா என்ன, தலையவா சீவிருவாக?"

தலையைச் சீவினால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று தடவை ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும்; மகள் ஆரோக்கியத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை நாளைக் காலைப் பூசையில். இந்த நேரத்தில்தான் பங்குச் சாமியார் இந்தப் படத்தைக் கண்டித்துப் பிரசங்கம் வைத்திருந்தார். மந்திரம், மாயம், ஆண்டவரின் பத்துக் கற்பனைகளில் முதல் கற்பனைக்கே விரோதம். பார்த்தவர்கள் கையில் மெழுகுவர்த்தியோடு எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும், அந்த வீட்டுக்கு ஓலை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

சாமியாரிடம் இதைக் கொண்டுபோனதே மாப்பிள்ளையின் தாயார் சந்தனமரியாள்தான். மாதா சபைத் தலைவி. அந்தம்மாள் வாய் திறந்தால் உபதேசியாரே எழுந்து நிற்பார்.

"ஏழு வெளக்கு ஒண்ணொண்ணா அணையுதாம் சாமி. ஏழாவது அணையவும், செத்துக் கெடந்த ராஜகுமாரி கண்ணத் தெறக்குறாளாம். செத்தவுகள எழுப்புறது ஆண்டவருக்கு மட்டுந்தான உண்டு? மந்திரவாதிப் பயலுக்கு ஏது அந்த அதிகாரம்?" என்று சபை நடுவில் கேட்டாள். அதோடு விட்டாளா? "அந்தப் படத்தப் பாத்த வீட்டுல நான் பொண்ணெடுக்க மாட்டேன்" என்று ஒரு போடும் போட்டாள்.

அப்புறம் இன்னாசியம்மாள் ஏன் வந்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த ஏழாவது விளக்குக்காகத்தான் வந்தாள். இளையவள் புஷ்பம் போன வருஷம் வைசூரியில் போய்விட்டாள். எட்டு வயது. செத்த பெண் கண் திறப்பதை ஒரே ஒரு தடவை, பொய்யாகவாவது பார்த்துவிட வேண்டும் என்று பெற்ற வயிறு அடித்துக்கொண்டது. சுருட்டுக் கிட்டங்கியில் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டு சுற்றும் ரம்ஜான் பீவியிடம் அழுதே விட்டாள். அவள்தான் துப்பட்டி கொடுத்துக் கூட்டி வந்திருந்தாள்.

கொட்டகை விளக்கு அணையும் நேரம். இவர்களை ஒட்டினாற்போல் வந்த இன்னொரு வெள்ளைத் துப்பட்டி, நேர் பின்னால் உட்கார்ந்தது. நல்ல உயரம். ஒற்றைக் கண் இன்னாசியம்மாளையே பார்த்தது. முழங்கால் பக்கம் துணியில் ஈர மணல் அப்பியிருந்தது. வரும் வழியில் எங்கோ தடுக்கி விழுந்திருக்கும் போல.

"ஒங்க பேகம்பூர்த் தெருக்காரகளா?"

"தெரியலயேக்கா. இம்புட்டு ஒசரத்துக்கு எங்க தெருவுல யாருமில்ல" என்றாள் ரம்ஜான் பீவி. அவள் குரலும் இறங்கிவிட்டது.

படம் ஓடியது. கோமாளி வந்து விழுந்து புரண்டான்; கொட்டகையே சிரித்தது. பின்னால் மட்டும் சத்தமே இல்லை. முறுக்குக்காரன் வந்தபோதும் அந்தக் கை வெளியே வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இன்னாசியம்மாள் நினைத்தாள். எழுந்தால் அந்த ஆளின் முகத்துக்கு நேராகத்தான் போக வேண்டும்.

அதற்குள் திரையில் ராஜகுமாரியைக் கிடத்திவிட்டார்கள். மந்திரவாதி உதட்டைக் குவித்தான். ஒரு விளக்கு அணைந்தது. இரண்டு. மூன்று. கிடந்த பெண்ணின் நெற்றியில் பூவைப் பார்த்ததும் இன்னாசியம்மாளுக்குத் தாங்கவில்லை. பெட்டிக்குள் புஷ்பத்துக்கும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

"சேசுவே, எம்புள்ள!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. சூடான மூச்சு அவள் பிடரியில் பட்டது. நான்கு. ஐந்து.

தோளில் ஒரு கை விழுந்தது. திரை வெளிச்சத்தில் பார்த்தாள். மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றியிருந்தது.

போச்சு. மாதா சபையிலிருந்து ஆள் வைத்துப் பிடித்துவிட்டார்கள். நாளைக்குப் பூசையில் மெழுகுவர்த்தியோடு தான் முழங்காலில் நிற்பதும், ஓலை வாசிக்காமல் சாமியார் ஏட்டை மூடுவதும், ஆரோக்கியம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவதும் இன்னாசியம்மாள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தன. பாவி, ஒரு பிள்ளையைப் பார்க்க வந்து இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று துப்பட்டிக்குள்ளேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆறாவது விளக்கும் அணைந்தது. தோளைப் பிடித்த கை இறுகியது. துப்பட்டி அவள் காதோரம் குனிந்தது.

"சம்மந்தி, தலையச் செத்த சாச்சுக்கங்க, போன தடவையும் இந்த எடத்துலதான் ஒரு தல மறைச்சுருச்சு."