நாட்டைக் காக்கும் படிப்பு

'நாட்டைக் காக்கிற படிப்புக்குக் கல்லூரி தேடுகிறார்கள். இந்த வீட்டில் யாரைக் கேட்க வேண்டுமோ அவளை மட்டும் கேட்க மாட்டார்கள்.'

மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஸ்வர்ணா காபி டம்ளர்களை மேஜையில் வைத்தாள். வேலையிலிருந்து வந்தவள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கோட்டுப் பைக்குள் மிச்சமிருந்த ஒரு பிஸ்கட் துண்டு விரலில் தட்டுப்பட்டது.

"வெலிங்டன் வேணாம்னா வேணாம்," என்றான் அவள் கணவன் திவாகர். "வயசுப் பொண்ணு தனியா ஹாஸ்டல்ல இருக்கிறதா? இங்க ஆக்லாந்துலயே செக்யூரிட்டி டிகிரி இருக்கு. வீட்டுல இருந்தே போகலாம்."

"நோ அப்பா, வெலிங்டன்லதான் பார்டர் செக்யூரிட்டி தனியா இருக்கு. சீட்டும் கிடைச்சாச்சு," என்றாள் மகள் விஷாலினி.

"அவ சொல்றது..." என்று தொடங்கினாள் ஸ்வர்ணா.

"நீ காபியை ஆத்து. இதெல்லாம் உனக்குப் புரியாது."

மேஜையில் ஸ்பீக்கரில் கிடந்த செல்போன் கனைத்தது. திருச்சியிலிருந்து திவாகரின் அக்கா வேதவள்ளி. "அப்பா சொல்றதைக் கேளு கண்ணு. நாட்டுக்கே காவல் நிக்கப் போறவ, வீட்டுக்கு அடங்கி நடக்க வேணாமா?"

"அப்படிச் சொல்லுக்கா! ஒழுக்கம்தான் இந்தப் படிப்புக்கே அஸ்திவாரம்." திவாகர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது இருக்கட்டும், பெட்டி கட்டியாச்சா?"

"ஆச்சுடா. நெத்திலிக் கருவாடு பட்டுப்புடவை மடிப்புல. நீ கேட்ட கறிவேப்பிலைக் கன்னு ஈரத்துணியில சுத்தி செருப்புக்குள்ள. உங்க ஊருக்குள்ள இதையெல்லாம் விடமாட்டாங்களாமே, எவன் கண்டுபிடிக்கிறான்னு நானும் பார்க்கிறேன்! நாளைக்கு ஸ்வர்ணா ஏர்போர்ட்டுக்கு வருவாள்ல?"

"அவ அங்கதான்க்கா இருப்பா."

விஷாலினி அம்மாவைப் பார்த்தாள். ஸ்வர்ணா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் திவாகரின் குரல் குழைந்தது. "ஸ்வர்ணா, நாளைக்கு நீ கொஞ்சம் மனசு வச்சா அக்கா நல்லபடியா வெளிய வந்துடுவா. வந்துட்டான்னு வையி, வெலிங்டனுக்கு நான் சரின்னுடறேன். உன் பொண்ணு ஆசைப்பட்டபடியே படிக்கட்டும்."

மகளின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. இரண்டையும் ஸ்வர்ணா பார்த்தாள். ஒரு தலையாட்டல் போதும். இந்தப் பெண் கேட்ட கல்லூரிக்குப் போய்விடுவாள். ஆனால், அப்படிப் போனவள் அங்கே உட்கார்ந்து எதைப் படிப்பாள்?

"முடியாதுங்க," என்றாள் மெதுவாக. "அண்ணிகிட்ட அதையெல்லாம் அங்கேயே எடுத்து வைக்கச் சொல்லுங்க. விஷாலினி, வெலிங்டனுக்குச் சரின்னு இன்னைக்கே பதில் போட்டுடு."

"அடிப்பாவி! என் சொந்த அக்காடி. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க உனக்கு அவ்வளவு கஷ்டமா?"

ஸ்வர்ணா பிஸ்கட் துண்டைக் கோட்டுப் பையின் அடியில், நாளைய வேலைக்காகப் பத்திரமாகத் தள்ளிவைத்தாள்.

"நான் வேணா பார்க்காம இருந்துடலாம். பெட்டியை மோந்து பார்க்கப் போறது நான் பிடிச்சுக்கிட்டுப் போற நாய். அதுக்கு நாத்தனார்னா யாருன்னு தெரியாதுங்க."