பிந்தி விழும் அடி

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிரம்மர் ஜெபராஜும் அவர் மனைவி கிரேசியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மகனைப் புதைத்த வாரம் ஸ்டுடியோவில் வாசித்தபோது, அவர் கை ஓய்ந்து ஒவ்வொரு அடியும் இம்மியளவு பிந்தி விழுந்தது. அந்தத் தளர்ச்சிதான் சொக்கவைக்கிறது என்று ஸ்டுடியோக்காரர்கள் கணினிக்கு அதையே கற்றுக்கொடுத்தார்கள். இப்போது எல்லாப் பாட்டிலும் டிரம்ஸ் வாசிப்பது அந்தக் கணினிதான்.

கிரேசி எழுந்துபோய், பாட்டுப் போடுகிறவனிடம், "தம்பி, வேற பாட்டுப் போடேன்" என்றாள்.

"எதப் போட்டாலும் இதே அடிதான்க்கா. ஜனங்களுக்கு இதுதான் புடிக்குது."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஜெபராஜின் விரல்கள் அவரை அறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"போதும், விடுங்க" என்று அவற்றின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.