வீடு திரும்பாத வெள்ளாடு

"சார், எங்க வெள்ளாடு, பிஸ்கட்னு பேரு, மலையிலேருந்து இன்னும் வீடு திரும்பலை."

போனில் அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் வன அதிகாரி கிளேட்டனுக்கு வியர்த்துவிட்டது.

"எந்தப் பக்கம்மா?"

"டின்கப் முகடு. மூட்டை சுமக்கக் கூட்டிட்டுப் போனது."

"போச்சு! காட்டுச் செம்மறியெல்லாம் அங்கதானே மேயுது! உங்க ஆடு பக்கத்துல போய் ஒரு தும்மல் போட்டாப் போதும், மந்தையே நிமோனியாவுல படுத்துடும். போன தடவை பாதிகூட மிஞ்சலை. கழுத்துல மணி இருக்கா?"

"இருக்கு சார்."

"போனை வைங்க, நான் பாத்துக்கறேன்."

ஹெலிகாப்டர் பறந்தது. நாலு பேர் குதிரையில் மலையேறினார்கள். இருட்டுவதற்குள் மணிச் சத்தத்தை வைத்துப் பிஸ்கட்டைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். கிளேட்டன் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"ஆடு கிடைச்சுடுச்சும்மா. செம்மறிங்க கிட்டயே போகலை. ஆனா அது எங்கேயும் ஓடலையே! கயித்துலதான் இருந்துதாம். மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு, கணுக்கால் சுளுக்கி ஒருத்தர் உக்காந்திருக்காராம்!"

"அவர்தான் சார் என் வீட்டுக்காரர் ஆரின்."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"காலையிலயே போன் பண்ணி, வீட்டுக்காரர் ராத்திரி வரலைன்னு சொன்னேனே சார்! 'வளர்ந்த ஆம்பளைதானே, பசிச்சாத் தானா வருவாரு, நாளைக்குப் பாப்போம்'னு நீங்கதானே சொன்னீங்க? அவர் கழுத்துல மணி இருக்கான்னுகூடக் கேக்கலையே!"