பிய்த்துப் போட்ட கண்மூடி
மார்ச் மாதத் திங்கட்கிழமை, கண் மருத்துவமனையின் மாடி அறை. அம்மா அழைத்து வந்திருக்கும் பதினெட்டு வயது மகளின் வலது கண்ணை மருத்துவர் மூடுகிறார். பலகையின் பெரிய எழுத்துகூட இடது கண்ணுக்குப் புகைமூட்டமாகத் தெரிகிறது. கண்ணில் கோளாறில்லை, அது காட்டுவதைப் படிக்க மூளை பழகவில்லை. அதை விளக்க மருத்துவர் காட்டும் திரையில் சாயமேற்றிய இரண்டு மூளைச் செல்கள் ஒளிர்கின்றன. குழந்தையின் செல் வெறுமையாக இருக்கிறது. வளர்ந்தவரின் செல்லைச் சுற்றிப் புரதமும் சர்க்கரையும் பின்னிய பச்சை வலை இறுகியிருக்கிறது. “இந்த வலை கட்டிட்டா புது இணைப்பு உண்டாகறது கஷ்டம்மா. சின்ன வயசுல நல்ல கண்ணை மூடி வச்சிருந்தா இது பழகியிருக்கும்.” “கண்மூடி ஒட்டித்தான் வச்சேன் டாக்டர். கேலி பண்றாங்கன்னு அழுதா. மனசு கேக்கல, பிச்சுப் போட்டுட்டேன். இப்ப அந்த வலையை அறுக்க முடியாதா?” “எலிக்குக் கரைச்சிருக்காங்க. மனுஷனுக்கு இன்னும் இல்ல.” “அப்ப எலியாப் பொறந்திருக்கணும்மா,” என்கிறாள் மகள். அம்மா சிரிக்கவில்லை, கைப்பையின் வாரை முறுக்குகிறாள். மருத்துவர் கண்ணாடிக்குச் சீட்டு எழுதுகிறார். வலது பக்கத்துக்கு மட்டும் பவர்; எந்தப் பவரும் உதவாத இடது பக்கத்துக்கு வெறும் கண்ணாடி.